சின்ன கணினிக்கு மாறலாமா? சேலத்துத் தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆல்பம் டிசைனர், ஆடிட்டர் அலுவலகம், சேலைக்கு ஜக்காட் டிசைன் போடுபவர், கட்டட வரைபடம் வரைபவர், ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்ப்பவர் என்று பலரும் இப்போது ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். மேசைக்கடியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் டவரை எடுத்துவிட்டு, கையில் தூக்கிப் போகும் அளவுக்கு உள்ள பெட்டியை வைக்கலாமா? பின்னால் ராம் கூட்ட முடியாது என்கிறார்களே, அது உண்மையா? கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சின்ன கணினி என்று எதைச் சொல்கிறீர்கள்?

வங்கியிலும் கம்பெனிகளிலும் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருக்குமே, ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுப் பெட்டி, அது ஒரு வகை. லெனோவோ அதை டைனி என்கிறது, டெல் மைக்ரோ என்கிறது, எச்பி மினி என்கிறது. இன்டெல்லும் நக் என்ற பெயரில் இப்படி ஒன்றை விற்றுவந்தது. 2023இல் விலகிக்கொண்டது, இப்போது அதை ஏசுஸ் தொடர்கிறது.

இன்னொரு வகை, ஆப்பிளின் மேக் மினி. முதலில் வந்தது 2005இல். 2024 மாடல் ஐந்து அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், அவ்வளவுதான். இவற்றுக்கு மேலே, கனமான வேலைக்கென்றே செய்த சின்னப் பெட்டிகள் இருக்கின்றன: மேக் ஸ்டூடியோ, லெனோவோ திங்க்ஸ்டேஷன் டைனி போன்றவை.

வாங்கிய பிறகு உள்ளே எதை மாற்றலாம்?

அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் திருப்புளி வைத்துத் திறந்து பாதியை மாற்றலாம். மற்றதில் தூசி தட்டுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

டைனி, மைக்ரோ, மினி வகையில் பெரும்பாலும் லேப்டாப் ராம் போடும் இரண்டு ஸ்லாட் இருக்கும். எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் சின்னப் பலகை வடிவ டிஸ்க்) ஒன்றோ இரண்டோ போடலாம். பல மாடல்களில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் இடம் உண்டு. பிராசசர்கூடப் பல மாடல்களில் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும், அதே தலைமுறையில் பெரியது கிடைத்தால் மாற்றலாம். முடியாதவை: மதர்போர்டு (அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும்), பெரிய கிராபிக்ஸ் கார்டு, மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்.

மேக் மினியின் கதை முன்னும் பின்னுமாகப் போயிருக்கிறது. 2012 மாடலில் அடிமூடியைத் திருகி எடுத்து ராம் மாற்றலாம். 2014இல் ராமைப் போர்டோடு சால்டர் செய்துவிட்டார்கள், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிட்டார்கள். 2018இல் மறுபடி ஸ்லாட் வந்தது. 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து ராம் சிப்போடு ஒரே பொதியில் இருக்கிறது, இனி அதைத் தொட வழியில்லை. 2024 மாடலில் எஸ்எஸ்டி தனித் துண்டாகக் கழன்று வருகிறது என்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 அங்கே பொருந்தாது. அந்தத் துண்டை மாற்றினால் இன்னொரு மேக்கை இணைத்துத்தான் உயிர்கொடுக்க முடியும்.

ஆகவே கடைக்காரரிடம் "அப்கிரேடு பண்ணலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சால்டரா? எம்.2 இடம் எத்தனை, அதில் ஒன்றாவது காலியாக இருக்கிறதா? இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் முழு மாடல் எண்ணை வாங்கி, கம்பெனி இணையதளத்தில் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். டெல், லெனோவோ, எச்பி மூவருமே இந்த அலுவலக மாடல்களுக்குப் பிரித்து மாட்டும் படங்களோடு கையேடு வெளியிடுகிறார்கள்.

ராமை சால்டர் செய்வது நம்மிடம் கூடுதல் காசு பிடுங்கத்தானே?

பாதி உண்மை. மற்ற பாதியையும் தெரிந்துகொண்டால் வாங்கும்போது உதவும்.

சிப்புக்கும் ராமுக்கும் இடையில் உள்ள செம்புத் தடம் நீளமாக நீளமாக, அதிக வேகத்தில் சிக்னல் சிதையும். நடுவில் ஸ்லாட் வந்தால் இன்னும் கூடுதலாகச் சிதையும். டிடிஆர்5-5600 ராம் இரண்டு குச்சி போட்ட கணினியில் நொடிக்கு ஏறக்குறைய 90 ஜிபி வரை தரவு போய்வரலாம். எம்4 மேக் மினியில் அது 120 ஜிபி, எம்4 புரோவில் 273 ஜிபி. கிராபிக்ஸும் அதே ராமிலிருந்து சாப்பிடுவதால் இந்த வேகம் வீடியோ எடிட்டிங்கில் கண்கூடாகத் தெரியும்.

ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனியின் உதாரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே மாற்றலாம் என்பதற்காகவே பெயர் பெற்ற கம்பெனி அது. 2025இல் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் சிப் வைத்து ஒரு சின்ன டெஸ்க்டாப்பை அறிவித்தபோது, அதில் ராமை சால்டர்தான் செய்தார்கள். கழற்றி மாட்டும்படி செய்ய ஏஎம்டி பொறியாளர்களோடு சேர்ந்து முயன்றும் அந்த வேகத்தில் சிக்னல் நிற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களே முடியாது என்று சொல்லும்போது, இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் எஸ்எஸ்டிக்கு இந்த நியாயம் கிடையாது. சாதாரண எம்.2 ஸ்லாட்டிலேயே மிக வேகமான எஸ்எஸ்டி ஓடுகிறது. அங்கேயும் பூட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராமுக்கும் ஒரு மாற்று வழி வந்துகொண்டிருக்கிறது. காம்2 என்ற தட்டையான ராம் பலகைக்கு 2023 டிசம்பரில் பொதுத் தரம் வெளியானது. திருகி மாட்டலாம், தடமும் குட்டை. மேசைக் கணினிகளில் அது பரவும்வரை இந்தக் கவலை இருக்கத்தான் செய்யும்.

எனக்கு எவ்வளவு ராம் போதும்?

டாலி, எக்செல், ஜிஎஸ்டி தாக்கல், பிரவுசரில் இருபது டேப்: 16 ஜிபி தாராளம். இளம்பிள்ளை, அம்மாப்பேட்டைப் பக்கம் ஜக்காட் டிசைன் போடுபவர்களுக்கும் அதுவே போதும். அந்த ஃபைல்கள் பார்க்கத்தான் பிரம்மாண்டம், நிறங்கள் குறைவு என்பதால் கணினிக்குப் பெரிய பாரமில்லை.

கல்யாண ஆல்பம் செய்பவர்கள் 32 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலப் பக்கத்தை 300 டிபிஐயில் திறந்து, லேயர் மேல் லேயர் போட்டு, பக்கத்தில் லைட்ரூமும் ஓடினால் 16 ஜிபி மூச்சுத் திணறும். 4கே வீடியோவும் வெட்டுகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை.

மேக் விஷயத்தில் ஒரு கணக்கை மறக்காதீர்கள். பழைய டவரில் 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டில் தனியாக 8 ஜிபி இருந்திருக்கும். மேக் மினியின் 16 ஜிபியில் இரண்டும் அடக்கம்.

ராம் ஸ்லாட்டில் இருந்தால் "இப்போது 16, அப்புறம் விலை இறங்கியதும் 32" என்று முன்பெல்லாம் நானே சொல்வேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. தேவை நிச்சயம் என்றால் இப்போதே போடுங்கள்.

ராமா, ஸ்டோரேஜா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.

ராமுக்குப் போடுங்கள். 2024 நவம்பரில் எம்4 மேக் மினி இங்கே விற்பனைக்கு வந்தபோது 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளது 59,900 ரூபாய். எஸ்எஸ்டியை 512 ஆக்கினால் 20,000 கூடுதல். ராமை 24 ஜிபி ஆக்கினாலும் அதே 20,000. ராமை வெளியிலிருந்து மாட்ட முடியாது. எஸ்எஸ்டியை மாட்டலாம். நொடிக்கு 10 கிகாபிட் யுஎஸ்பி எஸ்எஸ்டி ஏறக்குறைய 1,000 எம்பி வேகம் தருகிறது, ஆல்பம் வேலைக்கு அது போதும். வேலை நடக்கும் ஃபைல்கள் வெளி எஸ்எஸ்டியில், முடிந்தவை பெரிய ஹார்ட் டிஸ்க்கில், அதற்கு ஒரு நகல் வேறு இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேம்படுத்த முடியாதது அவ்வளவு பெரிய குறையா?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்கு இல்லை. உங்கள் டவரில் இத்தனை வருடத்தில் என்ன மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருப்பீர்கள், ராம் ஒரு குச்சி கூட்டியிருப்பீர்கள். புது பிராசசர் வேண்டுமென்றால் போர்டும் மாற வேண்டும், போர்டு மாறினால் ராமும் மாற வேண்டி வரும். கடைசியில் கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) மட்டும்தான் பழையது.

என்னை உறுத்துவது வேறு. பழுது.

டவரில் எஸ்எம்பிஎஸ் போனால் நம் ஊரில் எந்தக் கடையிலும் புதியது கிடைக்கும். மதியம் போனது சாயங்காலம் ஓடும். ராம் குச்சி போனால் அதை உருவிவிட்டு மற்றதில் வேலையைத் தொடரலாம். சால்டர் செய்த போர்டில் ஒரு ராம் சிப் செத்தால் போர்டே செத்த மாதிரி. சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வெளியூரிலிருந்து போர்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலத்தில் ஆல்பம் டிசைனருக்கு ஒரு வாரம் கணினி இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாரண்டி இருக்கிறது, பணம் செலவாகாது என்பதெல்லாம் சரி. பெண் வீட்டார் ஆல்பம் கேட்டுப் போன் செய்யும்போது வாரண்டி அட்டையை நீட்ட முடியாதே.

ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில், அதாவது எம்1 முதலான ஆப்பிளின் சொந்த சிப் உள்ளவற்றில், இன்னொரு சங்கதி. உள் எஸ்எஸ்டி முழுதாகச் செத்துவிட்டால் வெளி டிஸ்க்கிலிருந்தும் அதைத் துவக்க முடியாது. துவங்குவதற்கான முதல் படிகள் உள்ளேதான் இருக்கின்றன.

எனவே சின்னப் பெட்டி வாங்குவோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "மூன்று வருடம் கழித்து என்ன கூட்டுவீர்கள்" என்பதல்ல. "நாளைக் காலை இது ஆன் ஆகவில்லை என்றால் எதில் வேலை செய்வீர்கள்" என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது கணினியும் தினசரி பேக்கப்பும் சேர்ந்ததுதான் இந்த வகைப் பெட்டியின் உண்மையான விலை.

பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டதுண்டா?

உண்டு. 2013 டிசம்பரில் ஆப்பிள் உருளை வடிவ மேக் புரோவை வெளியிட்டது. உயரம் 25 சென்டிமீட்டர், நடுவில் ஒரே விசிறி, அதைச் சுற்றி முக்கோணமாக ஒரு பிராசசரும் இரண்டு கிராபிக்ஸ் கார்டும். இனி எல்லா மென்பொருளும் இரண்டு கிராபிக்ஸ் கார்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளும் என்று நம்பி அந்த வடிவத்தைப் பூட்டிவிட்டார்கள். உலகம் ஒரே பெரிய, அதிகச் சூடாகும் கார்டு பக்கம் போனது. அந்தச் சூட்டை வெளியேற்ற உருளைக்குள் வழியில்லை. ராமையும் எஸ்எஸ்டியையும் அதில் மாற்றலாம், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. வெப்ப விஷயத்தில் தாங்களே ஒரு மூலையில் மாட்டிக்கொண்டதாக 2017இல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2019இல் மறுபடி ஸ்லாட்டுகள் உள்ள டவர் வந்தது.

ஸ்லாட் இருந்தும் சூட்டுக்கு இடமில்லாமல் நின்ற பெட்டி அது. வெயில் ஊரில் இருக்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

சேலத்து வெயிலையும் தூசியையும் தாங்குமா?

மேக் மினிக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வைகாசியில் நம் ஊரில் வெளியே 40ஐத் தொடும். ஏசி இல்லாத, மேலே தகரமோ மொட்டை மாடியோ உள்ள அறையில் 35 என்பது காலை பதினோரு மணிக்கே தாண்டிவிடும். பெட்டி உடனே செத்துவிடாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது முடியாமல் கிடக்கும்.

டைனி, மைக்ரோ வகையில் பிராசசர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும், அதைக் கவனியுங்கள். ஐ5-8500 என்றால் 65 வாட், அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-8500டி என்றால் 35 வாட், 2.1 கிகாஹெர்ட்ஸ். சின்ன வேலையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் கொஞ்ச நேரம் இரண்டுமே தம் பிடித்து ஓடும். அரை மணி நேர ரெண்டரில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தூசியில் மிக மோசமானது தறிப் பஞ்சு. விசைத்தறி ஓடும் வீட்டிலேயே டிசைன் கணினி வைத்திருப்பவர்கள் பலர். சின்ன விசிறி, நெருக்கமான தகடுகள், நடுவில் பஞ்சு போய்க் கம்பளிபோல் படியும். டைனி வகையை மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். மேக் மினியைத் திறப்பது அவ்வளவு சுலபமில்லை. தறி ஓடும் இடத்துக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகமும் ஹோம்ஸ்டேயும் இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

அருமையாக வைக்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு விசிறி சூட்டை எடுப்பதும் குறையும். ஆனால் அறையே குளுமையாக இருப்பதால் மொத்தத்தில் லாபம்தான். மேக் மினியை 5,000 மீட்டர் உயரம் வரை சோதித்திருக்கிறார்கள்.

அங்கே எதிரி ஈரமும் இடியும். ராத்திரி முழுக்க அணைத்துக் குளிர்ந்த பெட்டி மேல் காலையில் ஜன்னலைத் திறந்ததும் மூடுபனி வந்து படியும். மழைக்காலத்தில் அணைக்காமல் ஓட விட்டுவிடுங்கள், அந்த லேசான சூட்டில் ஈரம் உள்ளே படிவது குறையும். இடி இடிக்கும் நாட்களில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் உருவுங்கள். பலர் பிளக்கை மட்டும் உருவிவிட்டு லேன் ஒயரை மறந்துவிடுகிறார்கள்.

டைனி, மைக்ரோ வகைக்கு அடாப்டர் வெளியே இருப்பது இங்கே ஒரு நன்மை. மின்னழுத்தம் தாறுமாறானால் பல நேரம் அடாப்டரோடு போய்விடும், வேறு வாங்கிச் செருகலாம். மேக் மினியில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. அடாப்டர் வாங்கும்போது அந்தக் கம்பெனியுடையதையே வாங்குங்கள். டெல் பெட்டிகள் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும், "சிஸ்டம் ஸ்லோ" என்று சாஃப்ட்வேரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மலையில் இருப்பவர்கள் ஓர் உபரி அடாப்டர் வைத்திருப்பது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்டில் கம்பெனி மினி கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. நம்பலாமா?

பார்த்து வாங்கினால், ராமையும் எஸ்எஸ்டியையும் பின்னால் கூட்டும் சுதந்திரம் இதில்தான் குறைந்த காசில் கிடைக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்குக் காரணம் அதுதான். லினக்ஸ் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம்.

காசு கொடுக்கும் முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி வைத்த கடவுச்சொல் இருந்தால் வேண்டாம். மேக் என்றால் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டோ, கம்பெனி நிர்வாகப் பூட்டோ இருக்கிறதா என்று முதலிலிருந்து செட்டப் செய்து காட்டச் சொல்லுங்கள். சால்டர் எஸ்எஸ்டி உள்ள பழைய பெட்டியில் அந்த எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், மாற்ற முடியாத பாகம் அல்லவா.

பின்னால் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டி வந்தால்?

வரும் என்று தோன்றினால் டவரே வாங்குங்கள். திங்க்ஸ்டேஷன் டைனி போன்றவற்றில் குட்டைக் கார்டு போடலாம், பெரிய கார்டு நுழையாது. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வழியாக வெளிப் பெட்டியில் கார்டு வைப்பது விண்டோஸில் சாத்தியம், செலவு அதிகம். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் வெளிக் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. 3டி, விளம்பர அனிமேஷன், கட்டட ரெண்டரிங் ஆகியவற்றில் வளர நினைப்பவர்களுக்கு டவர்தான் சரி.

கரண்ட், யுபிஎஸ்?

எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 4 வாட், அதிகபட்சம் 65 வாட். டைனி வகையும் இதன் அருகில்தான். கிராபிக்ஸ் கார்டு உள்ள டவர் சும்மா இருக்கும்போதே இதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதே 600 விஏ யுபிஎஸ்ஸில் டவருக்கு சேவ் செய்ய மட்டுமே நேரம் கிடைக்கும், சின்னப் பெட்டியில் வேலையைத் தொடரலாம்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு மேக் மினி?

வேண்டாம். டாலி பிரைம் விண்டோஸ் மென்பொருள், இப்போதைய மேக்குகளில் பூட் கேம்ப்பும் (மேக்கில் விண்டோஸ் போடும் வசதி) கிடையாது. டைனி, மைக்ரோ, எச்பி மினியில் ஒன்றைப் பாருங்கள். ஐந்தாறு பேர் அலுவலகம் என்றால் எல்லாம் ஒரே மாடலாக வாங்குங்கள். ஒன்று படுத்தால் அதன் எஸ்எஸ்டியை இன்னொன்றில் மாட்டி அன்றைய தாக்கலை முடிக்கலாம். முன்னதாகவே பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்பு எண்ணை எழுதி வைத்திருங்கள், இல்லாவிட்டால் வேறு பெட்டியில் அந்த எஸ்எஸ்டி திறக்காது.

எத்தனை வருடத்துக்குக் கணக்குப் போடுவது?

வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். அந்தக் கணக்கில் நான்கு வருடத்தில் வாங்கிய விலையில் சுமார் 13 சதவீதம்தான் புத்தகத்தில் மிஞ்சும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தொழிலுக்கு வாங்கும்போது கட்டும் 18 சதவீதத்தையும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். நான்கிலிருந்து ஐந்து வருடம் வைத்து, பிறகு விற்றுவிட்டுப் புதியது வாங்குவதாகத் திட்டமிட்டால் மூடிய பெட்டி பொருந்தும். எட்டுப் பத்து வருடம் ஓட்டுவேன் என்பவர்கள் திறக்க முடிந்த பெட்டியை வாங்குங்கள்.

என் பழைய டவரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடட்டுமா?

கொடுக்காதீர்கள். கடைக்காரர் தரும் சொற்பத் தொகையைவிட அது உங்களிடம் இருப்பதே மதிப்பு. அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு போட்டு, ராத்திரி பேக்கப் அதற்குப் போகும்படி வையுங்கள். ஃபோட்டோஷாப்போ டாலியோ எதில் பிழைக்கிறீர்களோ அது அதிலும் திறக்கும்படி இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஆன் செய்து, முந்தைய நாள் ஃபைல் ஒன்றை அதில் திறந்து பாருங்கள்.